காய்ச்சல்காரனின் கடிகாரம்

பிப்ரவரி 10, சேலம்

102 டிகிரி. கஷாயம் வைக்கப் போன அம்மா திரும்பி வர ஒரு யுகம் ஆயிற்று. "இவ்வளவு நேரமா?" என்றேன். "தண்ணீர் கொதிக்க வேண்டாமா? பத்து நிமிடம்கூட ஆகவில்லை" என்றார். சுவர்க் கடிகாரமும் அம்மா கட்சி.

பிப்ரவரி 11

அமெரிக்க உடலியலாளர் ஹட்சன் ஹோக்லண்ட் வீட்டிலும் 1930களில் இதே வழக்குதான். அவர் மருந்து வாங்கப் போய் இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டார். காய்ச்சலில் கிடந்த மனைவியோ வெகுநேரம் ஆனதாகச் சாதித்தார். மனுஷர் சும்மா இருக்கவில்லை. நொடிக்கு ஒன்றாக அறுபது வரை எண்ணச் சொல்லி நேரம் பார்த்தார். (அந்த அம்மாளின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.) உடம்புச் சூடு ஏற ஏற எண்ணிக்கை வேகமெடுத்தது. உள்ளே ஓட்டம் கூடினால் வெளியே உலகம் நொண்டத்தானே செய்யும்? நானும் எண்ணினேன். அறுபது சொல்லி முடித்தபோது கைபேசியில் 47 நொடி.

பிப்ரவரி 13

காய்ச்சல் விட்டது. மணி பன்னிரண்டு அடித்தும் ஜன்னல் கம்பியின் நிழல் சாய்ந்தே கிடந்தது. நேராக 12.31 ஆயிற்று. நம் நாட்டு மணி 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது. சேலம் அதற்கு மேற்கே நாலு பாகைக்குச் சற்று மேல். பதினேழு நிமிடம் அதில் போகிறது. மீதிப் பதினாலு, பிப்ரவரிச் சூரியனின் சொந்தத் தாமதம். ஆக, சுவர்க் கடிகாரமும் அரிச்சந்திரன் அல்ல.

பிப்ரவரி 22, ஏற்காடு

அக்கா குடும்பத்தோடு. இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றின் எண் பலகையையும் அக்கா மகன் உரக்கப் படித்தான். "இன்னும் எட்டுதானா மாமா?" மேலே படகு, சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போனது, மிளகாய் பஜ்ஜி. பொழுது போன இடம் தெரியவில்லை. இறக்கமும் அப்படியே முடிந்தது. போகும்போது சீக்கிரம் வந்துவிடும் என்று நம்பி ஏமாறுகிறோம், அதனால் திரும்பும் வழியை நீளமாக எதிர்பார்த்து உட்காருகிறோம், அது குறுகித் தெரிகிறது என்பது 2011இல் வந்த ஓர் ஆய்வின் விளக்கம்.

பிப்ரவரி 24

பத்து வயதுக்காரனுக்கு ஒரு வருடம் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு, ஐம்பதுக்காரனுக்கு ஐம்பதில் ஒன்று. அதனால்தான் வயதானால் வருடம் பறக்கிறது என்றார் பிரெஞ்சுத் தத்துவவாதி பால் ஜானே. கணக்கு அழகாக இருக்கிறது, எனக்கு ஒட்டவில்லை. ஒரே மாதத்தில், ஒரே வயதில், ஒரு நாள் நகரவே மறுத்தது, இன்னொன்று ஓடியது. 1890இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எழுதியதே சரி: நிறைந்த பொழுது போகும்போது குறுகும், நினைக்கும்போது நீளும், வெறும் பொழுது நேர்மாறு. படுத்துக் கிடந்த நாட்களைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அலுவலக விடுப்புப் படிவத்துக்கு அதெல்லாம் தெரியாது. மருத்துவச் சான்றிதழோடு நாளைக்குள் கொடுக்க வேண்டும்.