பிரிண்டர் நாட்குறிப்பு: நிமிர்ந்த கோடுகள் மட்டும் ஏன் இரண்டாகத் தெரிகின்றன?

ஜூன் 3

இன்று என் இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த பிரிண்டில் எழுத்தெல்லாம் மங்கல். மை குறைந்த மங்கல் இல்லை, ஓரம் தெளிவில்லாத மங்கல். அதே பக்கத்தில் ஒரு அட்டவணையும் இருந்ததால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படுக்கைக் கோடுகள் மெலிதாக, சுத்தமாக இருக்கின்றன. நிமிர்ந்த கோடுகள்தான் துண்டு துண்டாக உடைந்து, ஒரு துண்டு இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன.

தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "ஹெட் கிளீனிங் குடுண்ணா, சரியாயிடும்" என்றான். எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஹெட் என்பது தாளுக்கு மேலே இடமும் வலமும் ஓடி மை தெளிக்கும் பாகம், கிளீனிங் என்றால் அதில் இருக்கும் பொடித் துளைகளான நாசில் வழியாக மையை உறிஞ்சி எடுப்பது. அப்படி எடுத்த மை வீணாகத்தான் போகும், பல மாடல்களில் அது உள்ளே இருக்கும் பஞ்சில் சேர்ந்து, பஞ்சு நிரம்பிவிட்டது என்று ஒரு நாள் மெஷினே நின்றுவிடும். நாசில் அடைத்திருந்தால் செய்யலாம், அடைக்காதபோது எதற்கு?

எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று காட்டும் சோதனைத் தாளான நாசில் செக் எடுத்தேன். நாலு நிறத்திலும் ஒரு கோடுகூட விடுபடவில்லை. ஆக, மை ஒழுங்காக வருகிறது. விழ வேண்டிய இடத்தில்தான் விழவில்லை.

ஜூன் 4

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஹெட் போகும்போதும் அச்சடிக்கிறது, திரும்பி வரும்போதும் அச்சடிக்கிறது. துளி கிளம்பி தாளைத் தொடுவதற்குள், ஹெட் போகிற திசையிலேயே அதுவும் கொஞ்சம் தள்ளிப் போய்விடும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஹெட்டுக்கும் தாளுக்கும் நடுவே 1 மில்லிமீட்டர், துளியின் வேகம் நொடிக்கு 8 மீட்டர், ஹெட் ஓடும் வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துளி சுமார் 0.06 மில்லிமீட்டர் தள்ளி விழும். வரும்போது எதிர்ப்பக்கம் அதே அளவு. இரண்டும் சேர்ந்தால் 0.12. 600 டிபிஐ-யில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரமே 0.042 மில்லிமீட்டர்தான் என்பதால், இது மூன்று புள்ளி அகலத்துக்கு விலகல்! அதனால்தான் பிரிண்டர் துளியைக் கொஞ்சம் முன்கூட்டியே விடுகிறது, எவ்வளவு முன்னால் விட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அலைன்மென்ட்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் பிரிண்டர் மென்பொருளான டிரைவரின் செட்டிங்ஸில் இருதிசை அச்சு என்றோ அதிவேகம் என்றோ ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டு அதே பக்கத்தை அடித்தேன். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் கோடு நேராக நின்றது. சந்தேகம் தீர்ந்தது.

ஜூன் 6

டிக்கைத் திரும்பப் போட்டு அலைன்மென்ட் செய்தேன், அதற்குப் பிரிண்டர் ஒரு சோதனைப் பக்கம் அடிக்கும். சாதாரண வெள்ளைத் தாள், மடிப்போ சுருக்கமோ இல்லாததாக இருக்க வேண்டும், பின்பக்கம் அச்சடித்த பழைய தாள் வேண்டாம். சில மெஷின்களில் வந்த தாளை ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தால் அதுவே பார்த்துச் சரிசெய்துகொள்ளும். என்னுடையதில் கட்டங்களைப் பார்த்து நாமே எண் கொடுக்க வேண்டும், எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு ஓரத்துக் கட்டங்களில் கோடுகளுக்கு நடுவே வெள்ளைக் கீறல் தெரியும், மறு ஓரத்தில் கோடு மேல் கோடு ஏறிக் கருப்புத் தையல் மாதிரி தெரியும். நடுவில் எங்கோ ஒரு கட்டம் கீறலும் இல்லாமல் தையலும் இல்லாமல் ஒரே சீராக இருக்கும், அதன் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். விளக்கடியில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில், தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். இரண்டு கட்டங்கள் ஒன்றுபோலத் தெரிந்தால் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொரு தாள் அடித்துப் பார்ப்பது நல்லது.

எழுத்து தெளிந்துவிட்டது. ஆனால் தாளின் வலது ஓரத்தில் மட்டும் கோடு இன்னும் லேசாக நெளிகிறது.

ஜூன் 7

ஒரு இடத்தில் மட்டும் நெளிந்தால் அது அலைன்மென்ட் எண்ணின் குறை இல்லை, அந்த எண் தாள் முழுக்கவும் ஒன்றுதானே. அப்புறம் பார்க்க வேண்டியது என்கோடர் ஸ்ட்ரிப். ஹெட் ஓடும் பாதை நெடுக நீளமாக, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் நாடா இருக்கும். அதில் நெருக்கமாகப் பொடிக்கோடுகள், ஹெட் அவற்றை எண்ணித்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. மைத் தூசியோ கிரீஸோ ஒட்டினால் அந்த இடத்தில் எண்ணிக்கை தடுமாறும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிசிறு உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, இழுக்காமல் லேசாகத் துடைத்தேன். வலது ஓரத்தில்தான் துணியில் கருப்பாக ஒட்டியது. நாடாவைக் கொக்கியிலிருந்து கழற்றத் தேவையில்லை. ஹெட் ஓடும் கம்பியில் இருக்கும் கிரீஸைத் தொட்ட விரலோடு இதன் பக்கம் போகவே கூடாது. காய்ந்ததும் மறுபடி அலைன்மென்ட், இப்போது இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நேர்.

ஜூன் 10

தடித்த அட்டையில் அடித்தபோது மறுபடி லேசான இரட்டைக் கோடு. அட்டை தடிப்பு, ஹெட்டுக்கு உள்ள இடைவெளி குறைகிறது, துளி சீக்கிரமே விழுந்துவிடுகிறது. டிரைவரில் தாள் வகையை மாற்றியதும் போய்விட்டது. சாதாரணத் தாளுக்குச் செய்த அலைன்மென்ட்டை இதற்காகக் கலைக்க வேண்டாம்.

தம்பியின் மெஷின் வேறு ரகம், அதில் ஹெட் மை அடைத்த கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் மாற்றினால் ஹெட்டும் புதுசு என்பதால், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அலைன்மென்ட் பக்கத்தை அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு வரும் பிரச்சினை சம இடைவெளியில் படுக்கையாக வெள்ளைக் கோடுகள், அதற்கு நாசிலையும் தாள் இழுக்கும் ரோலரையும் பார்க்க வேண்டும். நாசில் செக் தாளை எடுத்து வரச் சொன்னேன்.