டெக்னிக்கல் ரைட்டிங் கற்க நல்ல இடங்கள்
டெக்னிக்கல் ரைட்டிங்கை, அதாவது மென்பொருள் போன்றவற்றுக்கு விளக்க ஆவணங்கள் எழுதுவதை, எங்கே கற்றுக்கொள்வது என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். கூகுள் இலவசமாகவே பாடங்கள் வைத்திருக்கிறது, முதலில் அதை முடித்துவிடுங்கள். செயப்பாட்டு வினையைத் தேடிப் பிடித்துச் செய்வினையாக மாற்றும் பயிற்சி ஒன்று போதும், உங்கள் வாக்கியங்கள் நன்றாகவே தெளிந்துவிடும்.

அப்புறம் ரைட் த டாக்ஸ், இப்படி ஆவணங்கள் எழுதுபவர்களின் குழு. 2013-இல் மாநாடாகத் தொடங்கியது, இன்று அதன் ஸ்லாக் அரட்டைத் தளத்தில் உலகம் முழுக்க ஆட்கள். ஒரு பிழைச் செய்தியை எப்படி எழுதுவது என்று தயங்கித் தயங்கித்தான் அங்கே கேட்டேன். என்ன தவறு என்பதோடு நிறுத்தாமல், படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொன்னார்கள், இரண்டே வரியில் சரியாகிவிட்டது.

ஆவணங்களை வகை பிரித்து எழுதும் முறையான டயாடாக்ஸிஸையும் விட்டுவிடாதீர்கள். பயிற்சிப் பாடம், செய்முறை, குறிப்புதவி, விளக்கம் நான்கையும் ஒரே பக்கத்தில் போட்டுக் குழப்பக்கூடாது என்பது எனக்கு அதைப் படித்த பிறகுதான் உறைத்தது. வேறு நல்ல இடம் தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.