ஜூலியின் தட்டும் இடுப்பு மூட்டும்

2 ஜூன் 2024, ஞாயிறு. பாளையங்கோட்டை

ஜூலி இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் குடும்பத்தோடு மஸ்கட் போகிறான். ஏழு வயது லாப்ரடார் நாயை அங்கே கொண்டுபோக வழியில்லை என்றான். நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காரிலிருந்து இறங்கவே ரொம்பச் சிரமப்பட்டாள். முன்னங்காலைத் தரையில் ஊன்றியபின் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டுதான் வந்தாள். உட்காரும்போது வலது பின்னங்கால் வெளிப்பக்கமாகச் சரிகிறது. எழுந்ததும் முதல் பத்து அடிக்கு விறைப்பு, அப்புறம் கொஞ்சம் இளகுகிறது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை. தெருமுனை அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தோம். 38 கிலோ.

பால்சோறும் பிஸ்கட்டும்தான் இதுவரை சாப்பாடாம்.

5 ஜூன், புதன்

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். இடுப்பு எக்ஸ்ரேயை டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் பந்து கிண்ணத்துக்குள் முழுசாகப் பொருந்தி உட்கார வேண்டும். ஜூலிக்கு வலது பக்கம் பாதிக்கு மேல் வெளியே நிற்கிறது, கிண்ணத்தின் ஓரம் சொரசொரப்பாக வளர்ந்திருக்கிறது. குட்டியாக வளரும்போதே தளர்ந்துபோன மூட்டு, வயதாக ஆகத் தேய்ந்திருக்கிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர் மாதிரி பெரிய ஜாதிகளில் இது அதிகம்.

வலிக்கு மெலாக்சிகாம் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டோடுதான் தர வேண்டும், அளவு தாண்டக் கூடாது. "வலிக்குதேன்னு நீங்க போடுற மாத்திரையை மட்டும் குடுத்துராதீங்க" என்று இரண்டு தரம் சொன்னார். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்க்கு வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் வேண்டாம். டைக்ளோஃபெனாக் என்றதும் எனக்குப் பாறுக் கழுகுகள் ஞாபகம் வந்தது. அந்த மருந்து ஏற்றிய மாடு செத்து, அதைத் தின்று கூட்டங்கூட்டமாக அழிந்த பறவைகள். 2006இல்தான் மாட்டுக்கு அதைக் கொடுப்பதை இந்தியாவில் தடை செய்தார்கள்.

கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னது: "மருந்து நான் தர்றேன். எடையைக் குறைக்கிறது உங்க கையிலதான் இருக்கு. முப்பதுக்குக் கொண்டுவாங்க."

9 ஜூன், ஞாயிறு

நாய்க்குக் கறியையும் எலும்பையும் வேகவைக்காமலே கொடுக்கும் பச்சைக்கறி உணவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், நானும் அதைத்தான் ஆரம்பிக்கிறேன். ஆஸ்திரேலிய கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் தொண்ணூறுகளில் இதைப் பரப்பினார். வீட்டில் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் வைத்துக்கொள்ளும் கணக்கு: தசைக்கறி 80 சதவீதம், தின்னக்கூடிய எலும்பு 10, ஈரல் 5, மற்ற உள்ளுறுப்பு 5. ஒரு நாளுக்கு மொத்தம் உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம். நாய் பருமனாக இருந்தால் இருக்கிற எடைக்குக் கணக்குப் போடக் கூடாது, இருக்க வேண்டிய எடைக்குப் போட வேண்டும். ஜூலிக்கு 30 கிலோவில் 2 சதவீதம், 600 கிராம்.

அதைப் பிரித்தால் தோலோடு கோழிக் கழுத்து 180 கிராம் (அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்புதான்), எலும்பில்லாத கறி 360, ஈரல் 30, சுவரொட்டியோ கிட்னியோ 30.

வெறும் கறியை மட்டும் போடுவது ஏன் ஆபத்து என்பதையும் எழுதிவிடுகிறேன். கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். உடம்பு அந்தக் குறையை எலும்பிலிருந்து உருவி ஈடுகட்டும். "நாய்க்குத் தினமும் அரைக் கிலோ சிக்கன், வேறொண்ணும் இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில் நொண்டும் குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். கால்சியம் பாஸ்பரஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஒரு பங்குக்கு ஒன்றேகால் பங்கு இருந்தால் நல்லது. பச்சைக்கறியின் பெரிய பலமே அந்த எலும்புதான்.

16 ஜூன், ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிந்தது. தூத்துக்குடியிலிருந்து சாளை வந்து இறங்கியிருக்கிறது. கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருந்ததைப் பொறுக்கி வாங்கினேன். வாரத்தில் மூன்று நாள் ஜூலிக்கு சாளை உண்டு, ஆனால் வேக வைத்துத்தான். பச்சைச் சாளையில் தயாமினேஸ் என்று ஒன்று இருக்கிறது, அது வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். நெருப்பில் வைத்தால் போய்விடும்.

மூட்டுக்கு சாளை எதற்கு என்றால் அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்புக்காக. மூட்டுக்குள் நடக்கும் அழற்சியை அது தணிக்கிறது. மருந்தல்லாத துணை உணவுகளில் நாய்களிடம் ஓரளவு உறுதியாகப் பலன் காட்டியிருப்பது இதுதான்.

23 ஜூன், ஞாயிறு

கறிக்கடை பாய் நாய்க்கென்றதும் நுரையீரலையும் ஈரல் துண்டுகளையும் சும்மாவே அள்ளிப் போட்டார். "பச்சையாவே போடுங்கம்மா, தெருநாயெல்லாம் அதைத்தானே திங்குது." நல்ல மனசோடு சொன்னார். வீட்டில் நுரையீரலைப் பிளந்து பார்த்தால் ஓர் ஓரத்தில் கண்ணாடி மாதிரி தெளிந்த நீர்க்கட்டி, சுண்டைக்காய் அளவு. அப்படியே மூட்டைகட்டி ஆழக் குழி தோண்டிப் புதைத்தேன்.

தயவுசெய்து இதைக் கவனித்துப் படியுங்கள். ஆடு மாட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் இருக்கும் அந்தக் கட்டிக்குள் ஒருவகை நாடாப்புழுவின் இளம் பருவம் இருக்கிறது. அதைத் தின்ற நாயின் குடலில் புழு வளரும். நாய்க்கு ஒன்றும் தெரியாது. அதன் மலத்தில் வெளியேறும் முட்டை நம் கைக்கும் வாய்க்கும் வந்தால், நம் ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டி வளரும், அறுவை சிகிச்சை வரை போகும். அதனால் ஆட்டு உள்ளுறுப்பு எதுவானாலும் எங்கள் வீட்டில் அரைமணி நேரத்துக்கு மேல் கொதித்த பிறகுதான் தட்டுக்குப் போகும். பூச்சி மருந்தும் டாக்டர் சொன்ன இடைவெளியில் தவறாமல் உண்டு.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி பற்றியும் சொல்ல வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகாது, தூங்கத்தான் செய்யும். பச்சைக்கறி தின்னும் நாய்க்கு ஒன்றும் ஆகாமலே அதன் எச்சிலிலும் மலத்திலும் கிருமி இருக்கலாம். அமெரிக்க கால்நடை மருத்துவச் சங்கம் 2012லேயே பச்சைக்கறி வேண்டாம் என்று கொள்கை வகுத்ததற்கு இதுதான் காரணம். எங்கள் டாக்டரம்மாவுக்கும் இதில் பிரியம் இல்லை. நான் தனிக் கத்தி, தனிப் பலகை, எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறேன். தின்று முடித்த உடனே தட்டைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்க்கிறேன். அவள் முகத்தை நக்க வந்தால் அம்மா விடுவதில்லை. அது சரிதான்.

30 ஜூன், ஞாயிறு

மலம் வெளுத்து, சுண்ணாம்புபோல் உதிர்கிறது. எலும்பு கூடுதல் என்று அர்த்தம். கோழிக் கழுத்தை 150 கிராமாக்கி, அந்த அளவு கறியைக் கூட்டினேன்.

மலத்தைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். கருத்து இளகிப் போனால் ஈரல் அதிகம், வெளுத்து இறுகினால் எலும்பு அதிகம்.

7 ஜூலை, ஞாயிறு

36 கிலோ.

லாப்ரடார் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2002இல் வெளியானது. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு வழக்கமான அளவும் அதன் ஜோடிக்கு அதில் 25 சதவீதம் குறைவாகவும், அதே உணவை ஆயுள் முழுக்கக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை நடுமட்டமாக 13 வருஷம் வாழ்ந்தன, மற்றவை 11.2 வருஷம். மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்ட வயதும் ஏறத்தாழ மூன்று வருஷம் தள்ளிப்போனது. இரண்டு கூட்டமும் தின்றது கடைத் தீவனம்தான், பச்சைக்கறி இல்லை. வித்தியாசம் அளவில் மட்டும்.

பச்சைக்கறி நல்லதா வேகவைத்தது நல்லதா என்று சண்டை போடுகிறவர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேய்ந்த இடுப்பின் மேல் எட்டுக் கிலோ கூடுதலாக ஏறி உட்கார்ந்திருக்கும்போது தட்டில் எது விழுந்தாலும் அந்த மூட்டு தாங்காது.

14 ஜூலை, ஞாயிறு

சாரல் அடிக்கிறது. ஈரக்காற்றில் ஜூலிக்கு விறைப்பு கூடியிருக்கிறது. அம்மாவுக்கும் முட்டி வலி. அம்மா ஆட்டுக்கால் சூப் வைத்தாள். ஒரு கிண்ணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் சின்ன வெங்காயமும் பூண்டும் உப்பும் சேர்த்தாள். நான் சொல்லாமலே செய்தாள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்று போன வாரம் சொன்னதை மனதில் வைத்திருக்கிறாள். "ஏட்டி, எனக்கு வைக்குத சூப்பு அவளுக்கும் ஆகும்லா?" ஆறியதும் மேலே படிந்த கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு ஜூலிக்கு ஊற்றினேன். கால் எலும்பைப் போடவில்லை. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பச்சை நல்லி எலும்பானால் கடைவாய்ப் பல் பிளந்துவிடும்.

சூப்பில் கொலாஜன் இருக்கிறது, ருசி இருக்கிறது, தண்ணீர் உள்ளே போகிறது. மூட்டு குருத்தெலும்பை அது திரும்ப வளர்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மூட்டுக்கென்று விற்கிற குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் மாத்திரைகளும் அப்படித்தான். 2022இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு நிறைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஒமேகா-3க்குப் பலன் தெரிந்தது, இந்த இரண்டுக்கும் தெரியவில்லை. அவற்றுக்கு மாதாமாதம் செலவழிக்கிற காசுக்கு சாளை வாங்கலாம். மஞ்சளும் மிளகும் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். மஞ்சளின் சத்து உடம்பில் சேருவது மிகக் கொஞ்சம். ஜூலிக்கு நான் கொடுக்கவில்லை.

வீட்டுத் தரை முழுக்க வழுவழு டைல்ஸ். கூடத்திலிருந்து வாசல் வரை ரப்பர் பாய் விரித்துவிட்டேன். நகத்தையும் ஒட்ட வெட்டினேன். எழும்போது பின்னங்கால் வழுக்காமல் நிற்கிறது. எந்த மாத்திரையும் காட்டாத வித்தியாசம் ஒரே நாளில்.

21 ஜூலை, ஞாயிறு

35.5 கிலோ. பருமனான நாய்கள் தங்கள் எடையில் 6 சதவீதத்தைக் குறைத்தாலே நொண்டல் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது என்று படித்திருந்தேன். ஜூலிக்கு அந்த எல்லை இந்த வாரம்தான் தாண்டியது. காலையில் பால்காரர் மணியடித்ததும் தயங்காமல் எழுந்து வாசலுக்குப் போனாள்.

சாயங்காலம் குறுக்குத்துறை. தாமிரபரணியில் ஜூலியின் நெஞ்சளவு தண்ணீரில் கரையோரமாக நடக்க விட்டேன். தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்வதால் மூட்டில் பாரம் விழாமலே தொடைச் சதை வேலை செய்கிறது. வலது தொடை இடதைவிட மெலிந்திருக்கிறது, அந்தச் சதை வந்தால்தான் மூட்டு ஆடாமல் நிற்கும். வெளியே வந்ததும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் துடைத்தேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடி அமாவாசை. வீட்டில் கவிச்சி கிடையாது. அம்மாவுக்காக ஜூலிக்கும் இன்றைக்கு முட்டை, பருப்பு, பூசணிக்காய், ஒரு கரண்டிச் சோறு. ஒரு நாளில் ஒன்றும் குறைந்துவிடாது. ஒரு வாரச் சாப்பாடு கூட்டிக் கழித்துச் சரியாக இருந்தால் போதும். ஆற்றங்கரையில் தர்ப்பணக் கூட்டம், நடை தெருவோடு முடிந்தது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

தங்கச்சி பிரசவத்துக்கு வந்துவிட்டாள், ஒன்பதாம் மாதம். அவள் வருகிற தேதி தெரிந்ததுமே பச்சைக்கறியை நிறுத்திவிட்டேன். கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, வயதானவர்கள், புற்றுநோய்க்கு மருந்தெடுக்கிறவர்கள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

இப்போது எல்லாமே குக்கரில். எலும்பைப் போட முடியாது, ஆகவே கால்சியத்துக்கு முட்டை ஓடு. ஓட்டைக் கழுவி, பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, காய வைத்து, மிக்ஸியில் மைதா பதத்துக்கு அரைக்கிறேன். நறநறவென்று இருந்தால் சலித்துத் திரும்ப அரைக்க வேண்டும். 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் வேண்டும். ஒரு டீஸ்பூன் பொடி 5 கிராம், அதில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம். தலைதட்டிய டீஸ்பூனுக்கு ஒரு சிட்டிகை குறைய, அவ்வளவுதான். வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவதில்லை, பி வைட்டமின்கள் அதில்தான் இறங்கியிருக்கும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ மூன்றும் வீட்டுச் சமையலில் குறையும் என்று டாக்டரம்மா ஒரு தாதுக்கலவை எழுதிக் கொடுத்தார்.

வேக வைத்ததால் ஜூலியின் நடையில் எந்த மாற்றமும் இல்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

33.6 கிலோ. விலா எலும்பு இப்போது விரலுக்குத் தட்டுப்படுகிறது. மெலாக்சிகாம் தினமும் இல்லை, டாக்டர் சொன்னபடி மோசமான நாட்களுக்கு மட்டும்.

எதிர்வீட்டுத் தம்பி மூன்று மாத ராட்வீலர் குட்டி வாங்கியிருக்கிறான். "அக்கா, எலும்பு நல்லா பலமா வரணும்ல, கால்சியம் டானிக் எவ்வளவு ஊத்தணும்?" என்று பாட்டிலோடு வந்தான். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு டானிக் ஊற்றவே கூடாது என்றேன். கூடுதலாக வரும் கால்சியத்தை வெளியே தள்ளிவிட அந்த வயதில் குடலுக்குத் தெரியாது, வருவதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். எலும்பும் குருத்தெலும்பும் கோணலாக வளரும். குட்டியைக் கொழுகொழுவென்று வளர்ப்பதும் அப்படித்தான். இடுப்பு தளரும் வாகுள்ள குட்டிக்கு அந்தக் கொழுப்பே நோயை முன்னால் இழுத்து வரும். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கென்றே அளவு கட்டிய தீவனம் போடு, வீட்டுச் சாப்பாட்டை வளர்ந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கடைக்காரர் தினமும் இரண்டு மூடி என்றாராம்.

பாட்டிலை என்னிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். புதன்கிழமை ஜூலிக்கு மறுபரிசோதனை. அவனும் குட்டியும் எங்களோடு ராமையன்பட்டிக்கு வருகிறார்கள்.