சம்பளம் தராத வேலை

படிவங்களில் தொழில் என்று கேட்கும் இடத்தில் இன்றைக்கும் 'சேஃப்டி ஆபீசர்' என்றுதான் எழுதுகிறேன். சம்பளம் தருவது அந்த வேலைதான். ஆனால் நேரில் யாராவது கேட்டால், கதை எழுதுகிறவன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெகுகாலம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டேன். புத்தகம் வந்திருக்கிறதா, எவ்வளவு கிடைக்கும் என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். காசு வந்தால்தான் எழுத்தாளன் என்று நானும் உள்ளூர நம்பியிருந்ததால் பதில் சொல்ல வராது.

தமிழில் எழுதுகிறவனுக்கு இந்தக் கூச்சம் தேவையே இல்லை. சுந்தர ராமசாமி ஜவுளிக்கடை நடத்தினார். நாஞ்சில் நாடன் விற்பனை வேலையாக ஊர் ஊராக அலைந்தார். ஆ. மாதவன் திருவனந்தபுரத்துச் சாலை கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அந்தத் தெருவே அவர் கதைகளுக்குக் களமானது.

என் வேலைக்கு நெருக்கமானவர் ஜெர்மன் மொழியில் கதை எழுதிய காஃப்கா. 1908 முதல் 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தார். மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றி அங்கே அவர் எழுதிய அறிக்கை ஒன்று உண்டு. சதுரத் தண்டில் கத்தி பொருத்தினால் மேசைக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி விழும்; கை நழுவினால் விரல் போய்விடும். உருளைத் தண்டு போட்டால் சிறு கீறலோடு தப்பலாம். இதைப் படங்களோடு, பொறுமையாக விளக்கியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

நானும் விபத்து அறிக்கை எழுதுகிறவன். ஒருமுறை தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் ஒருவருக்குக் கையில் அடிபட்டது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று குறிப்பு வந்தது. போய்ப் பார்த்தால், பாதுகாப்பு மூடி கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நான்கு போல்ட்டுகளும் ஒரு டப்பாவில் எண்ணெயோடு கிடந்தன. தகடு சிக்கும்போதெல்லாம் நான்கையும் கழற்றி மாட்ட வேண்டும்; உற்பத்திக் கணக்கு அதற்கு நேரம் விடாது. அதனால் ஷிப்ட் முழுக்க மூடி இல்லாமலே ஓட்டியிருக்கிறார்கள். கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்துவிட்டு, பார்த்ததை அப்படியே வரிசையாக எழுதினேன். சில வாரங்களில் கீல் வைத்த மூடி வந்தது. அதைத் திறந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும்.

அந்த அறிக்கையை எழுதிய அன்று ராத்திரி, பாதியில் நின்ற கதையை எடுத்தேன். ஒரு பாத்திரத்தைச் 'சோம்பேறி' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தேன். அந்த ஆள் காலையில் எழுந்து என்னதான் செய்கிறான் என்று பார்க்க உட்கார்ந்தேன். பகலில் செய்த அதே வேலை. எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை.

வாய்விட்டுச் சொன்னதில் ஒரு நன்மையும் உண்டு. சும்மா பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவரை என் நேரத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது கூப்பிட்டால், எழுத்து வேலை இருக்கிறது, மத்தியானம் வருகிறேன் என்கிறேன். வீட்டில் முதலில் விநோதமாகப் பார்த்தார்கள். அப்புறம் தேடி வருகிறவர்களிடம் அவர்களே அதைச் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்கள்.