ஐப்பசி ஈரத்தில் காடைகள்

அக்டோபர் 12

காலை ஏழு மணிக்கு 120 முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தேன். வெப்பம் 37.5 பாகை செல்சியஸில் நிற்கிறது. அத்தனையும் 280 கிராமுக்குக் குறையாத பெட்டைகள் இட்டவை. தனிக்கூண்டில் சேவலுடன் இருக்கும் 14ஆம் எண் பெட்டையின் ஆறு முட்டைகளில் மட்டும் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். அதன் எடை 312 கிராம்.

அக்டோபர் 15

மழை.

அக்டோபர் 18

தரையில் கூளத்தைத் தடிமனாகப் பரப்பிக் காடைகளை விட்டிருக்கும் ஆழ்கூளக் கொட்டகையின் வடமூலையில் கூரை ஒழுகி, கூளம் கையில் பிடித்தால் உருண்டையாகத் திரளும் அளவுக்கு நனைந்திருக்கிறது. அந்த மூலையில் இரண்டு காடைகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்களைப் பாதி மூடியபடி குந்தியிருந்தன. எச்சம் வெள்ளையாக, தண்ணீராகப் போகிறது. ரத்தக் கழிச்சலோ என்று கூளத்தைக் கிளறிப் பார்த்தேன், ரத்தம் இல்லை.

அக்டோபர் 19

விடிவதற்குள் நான்கு இறந்துவிட்டன. இரண்டைப் பையில் கட்டிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் குடலைப் பிளந்து காட்டியபோது, உட்சுவரில் மஞ்சள் நிறப் புண்கள் பொத்தான்களைப் போல இருந்தன. காடைகளை அதிகமாகத் தாக்குவதால் காடை நோய் என்றே பெயர் பெற்ற குடற்புண் நோய் இது என்றும், எச்சத்தின் வழியே பரவும் இதன் கிருமி வித்துகளாக மாறிக் கூளத்தில் நெடுங்காலம் உயிரோடிருக்கும் என்றும் சொன்னார். குடிநீரில் கலக்க மருந்து எழுதிக் கொடுத்தார். மாலைக்குள் எஞ்சிய காடைகளைக் கம்பிவலைத் தரையுள்ள கூண்டுகளுக்கு மாற்றினேன். இறந்தவற்றைச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன்.

இரவு படுத்த பிறகுதான் நினைவு வந்தது: நேற்று கூளத்தைக் கிளறிவிட்டு அதே செருப்போடு 14இன் கூண்டுக்குப் போனேன்.

அக்டோபர் 20

14 தீவனம் எடுத்தது. முட்டையும் இட்டது.

அக்டோபர் 22

மொத்தம் பதினொன்று போய்விட்டன. மூன்று நாள் கிடந்து இறந்த ஒன்றைக் கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு கத்திமுனையாகத் துருத்திக்கொண்டிருந்தது. அந்த நெஞ்சுச் சதைக்காகத்தான் நான்கு தலைமுறையாகப் பெரியவற்றையே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து வந்தேன். ஒரே கூட்டத்துக்குள் எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில், நோயைத் தாங்கும் வலுவையும் பொரிக்கும் திறனையும் நானே கழித்துவிட்டேனோ என்னும் எண்ணம் விடுவதாக இல்லை. போன ஆண்டு பத்துக்கு எட்டு முட்டை பொரித்தது. ஆடியில் வைத்ததில் ஆறுதான். அடுத்த முறை வேறு பண்ணையிலிருந்து சேவல்கள் வாங்கியே தீர வேண்டும்.

கடைக்காரர் முட்டை கேட்டு இருமுறை அழைத்தார். மருந்து கொடுக்கும் நாள்களிலும், அதன் பிறகு மருத்துவர் குறித்த நாள்வரையிலும் ஒரு முட்டைகூட வெளியே போகாது என்று சொல்லிவிட்டேன். குழந்தைகள் தின்னும் முட்டை.

அக்டோபர் 24

இன்று சாவு இல்லை.

அக்டோபர் 26

முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, பொரிப்புத் தட்டுக்கு மாற்றி, ஈரப்பதத்தைக் கூட்டினேன். கோடிட்ட ஆறும் தனிச் சல்லடைக் கூடையில் இருக்கின்றன. பிற்பகலில் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. இன்குபேட்டர்மேல் கம்பளியைப் போர்த்திவிட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 29

அதிகாலை நான்கு மணிக்கு முதல் கீச்சொலி கேட்டது. மூடியைத் திறந்தால் ஈரம் போய்க் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால், கண்ணாடி வழியாகவே பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 30

120க்கு 74. கோடிட்ட ஆறில் ஐந்து.

கால் வழுக்காமலிருக்கச் சொரசொரப்பான தாள் விரித்து, மூழ்கிவிடாமலிருக்கத் தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, பல்புகளுக்கு அடியில் விட்டேன். முதலில் குஞ்சுகள், பிறகு தனிக்கூண்டு, கடைசியில்தான் நோய்ப்பட்ட கூண்டுகள்; ஒவ்வொன்றுக்கும் வேறு செருப்பு. குஞ்சு அறைக்கு என்னைத் தவிர யாரும் போகக் கூடாதென்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 1

14 முட்டையிடவில்லை. மழை மேகத்தால் வெளிச்சம் குறைந்ததாகக்கூட இருக்கலாம். பதினாறு மணி நேரம் கிடைக்கும்படி பல்பை முன்னதாகவே போட்டேன்.

நவம்பர் 2

இன்றும் இல்லை. எடை 296. எச்சம் கெட்டியாகத்தான் இருக்கிறது. காலையில் மறுபடியும் எடை போட வேண்டும்.