கட்டிங் மேசைக்கு முன்னால் எனக்கு ஓர் இடம்

"டிகிரி முடித்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். உங்களை நான் எதற்கு எடுக்க வேண்டும், அம்மணி?" என்று அந்தப் பனியன் கம்பெனி முதலாளி கேட்டார். தரக்கட்டுப்பாட்டு மேலாளர் வேலைக்கான நேர்காணல். நியாயமான கேள்விதான். திருப்பூரில் செக்கிங் மேசையில் தொடங்கி மேலே வந்தவள் நான். அவருக்குச் சொன்ன பதிலை எழுதி வைக்கிறேன். என்னைப் போன்ற பெண்களுக்கு உதவலாம்.

உழைப்பேன், பொறுமைசாலி என்றெல்லாம் பேசவில்லை. அதை எல்லோரும் சொல்வார்கள். அவர் மேசையில் ஒரு துணித்துண்டு கிடந்தது, அதிலிருந்து தொடங்கினேன்.

180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கேட்ட துணி 190 ஆக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டுப் பார்த்தால் கனமாக, நன்றாகவே இருக்கும். வட்டக் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டித் தராசில் போட்டால்தான் 1.9 கிராம் என்று தெரியும். நாம் துணியை வாங்குவது கிலோக் கணக்கில்; கனம் கூடினால் அதே கிலோவில் துணியின் பரப்பு குறையும். 5000 டி-ஷர்ட்டுக்கு வாங்கிய துணியில் ஏறத்தாழ 260 டி-ஷர்ட் குறைந்துவிடும். கட்டிங் முடிந்த பிறகு இது தெரிந்து என்ன பயன்? குறைந்ததை ஈடுகட்ட மறுபடி துணி வாங்கிச் சாயமேற்றினால் ஷேடு (நிறச்சாயல்) ஒத்துவருவது கடினம். கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பினால் லாபம் அதோடு போயிற்று.

இறுதி ஆய்வுக்கு வருகிறவர் 3000 பீஸில் 125 எடுத்துப் பார்ப்பார். வழக்கமான ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர அளவு) 2.5 கணக்கில் ஏழு குறை வரை பாஸ், எட்டு என்றால் லாட் முழுவதும் ஃபெயில். அங்கே நின்று பேரம் பேசுவதற்கு நான் வரவில்லை என்று சொன்னேன். ஊசிக்கோடு (பின்னல் ஊசியால் துணியில் விழும் நீளக்கோடு), ஷேடு வேறுபாடு, துவைத்ததும் பக்கத்தையல் முன்னால் திரும்பிக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் துணியோடு வருபவை. இதற்காக டெய்லர்களைத் திட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் கையில் இல்லாத குறை அது.

ஆகவே ஒரு நிபந்தனை வைத்தேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு ரோல்கூடக் கட்டிங்குக்குப் போகக் கூடாது. சம்பளத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம். "ஷிப்மென்ட் அவசரம் என்றால்?" என்று கேட்டார். அப்போதும் கூடாது என்றேன். பங்குதாரரிடம் கலந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் சான்றிதழ்களோடு நீங்கள் சோதித்த ஒரு துணித்துண்டையும் எடுத்துப் போங்கள். 50 சென்டிமீட்டர் குறித்துத் துவைத்தது 47 ஆகியிருந்தால் 6 சதவீதச் சுருக்கம். அதை வைத்து என்ன முடிவெடுத்தீர்கள் என்று விளக்குங்கள். கம்பெனியில் அனுமதி கேட்டு எடுங்கள், பையர் (ஆர்டர் கொடுத்த நிறுவனம்) பெயர் இருந்தால் கத்தரித்துவிடுங்கள்.