முதலில் பசு, அப்புறம்தான் காளை

இறைச்சி மாட்டு மந்தைக்கு எந்த இனக் காளை நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அவர்களுடைய பசுக்களைப் பற்றித்தான். பசு எந்த ரத்தம், மேயும் காட்டில் உண்ணி உண்டா, கன்றை வாங்கப் போவது யார் என்று தெரியாமல் காளையைப் பற்றிப் பேசுவதே வீண்.

நான் வேலை செய்வது ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் ராக்ஹாம்ப்டன் பக்கம். இங்கே பெரும்பாலான மந்தைகளில் பிராமன் ரத்தம் ஓடுகிறது. கிர், காங்க்ரேஜ், ஓங்கோல் என்று இந்தியாவிலிருந்து போன மாடுகள் அமெரிக்காவில் கலந்து உருவான இனம் இது, 1933-இல் டெக்சாஸிலிருந்து குயின்ஸ்லாந்துக்கு வந்தது. வெயிலையும் உண்ணியையும் தாங்குவதில் இதை அடித்துக்கொள்ள வேறு இனம் இல்லை. ஆனால் கிடேரி பருவத்துக்கு வர நாளாகும், தலைக்கன்று போட்ட பசு கன்றுக்குப் பால் கொடுக்கிற காலத்தில் மறுபடி சினை பிடிக்க இழுத்தடிக்கும், இறைச்சியும் கொஞ்சம் கடினம். இங்கே இறைச்சியைத் தரம் பிரிக்கும்போது திமிலின் உயரத்தையே அளக்கிறார்கள், உயரம் கூடக்கூட மதிப்பு இறங்கும்.

அதனால்தான் எல்லோருக்கும் ஸ்காட்லாந்து இனமான ஆங்கஸ் மேல் கண். சீக்கிரம் பருவத்துக்கு வரும், கொம்பு கிடையாது, இறைச்சி மென்மை, மாடுகளைக் கொட்டடியில் அடைத்துத் தானியம் போட்டுக் கொழுக்க வைக்கும் ஃபீட்லாட்காரர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். பிராமன் பசுவுக்கு ஆங்கஸ் காளையைப் போட்டால் பிறக்கும் முதல் தலைமுறைக் கன்றுகள் அருமையாக இருக்கும், இரண்டு இனம் கலப்பதால் வரும் கூடுதல் வளர்ச்சியும் தெம்பும், அதாவது கலப்பின வீரியம், முழுசாகக் கிடைக்கும். சரி, அந்தக் கன்றுகளில் கிடேரிகளை வைத்துக்கொண்டு அவற்றுக்கும் ஆங்கஸையே போட்டால்? அவை ஈனும் கன்றில் பிராமன் ரத்தம் கால் பங்காகக் குறைந்துவிடும். அந்த மாட்டின் வால் அடியிலும் பின்தொடை இடுக்கிலும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், மழைக்குப் பிறகு ரத்தம் குடித்து உப்பிய உண்ணிகள் கொத்தாகக் கையில் தட்டுப்படும். மருந்துச் செலவு, ஆள் கூலி, எடை இழப்பு எல்லாம் சேர்ந்தால் ஃபீட்லாட் கொடுத்த கூடுதல் விலை எங்கே போனது என்றே தெரியாது.

என் கட்சி இதுதான்: உண்ணிக் காட்டில் கிடேரிகளை மந்தையிலேயே வைத்துக்கொள்கிறவர்கள் கலப்பினமாகவே நிலைத்துவிட்ட இனத்துக் காளையை எடுப்பது மேல். டிராட்மாஸ்டர், சாண்டா கெர்ட்ரூடிஸ், பிராங்கஸ் எல்லாம் இதற்காகவே உருவானவை. பிராங்கஸில் எட்டில் மூன்று பங்கு பிராமன், மீதி ஆங்கஸ். சுத்த பிராமன் பசுவோடு சேர்த்தால் கன்றில் ஏறக்குறைய 69 சதவீதம் பிராமன் இருக்கும், தாங்கும் சக்தி பெரிதாகக் குறையாது. கன்றுகளை எல்லாம் விற்றுவிடுகிறவர் சுத்த ஆங்கஸையோ, பிரெஞ்சு இறைச்சி இனமான சாரொலேயையோ தாராளமாகப் போடலாம், அவருக்கு அடுத்த தலைமுறைக் கவலை இல்லை. இந்தோனேசியாவுக்குக் கப்பலில் உயிரோடு அனுப்புகிறவர் பிராமனை விட்டு விலகவே வேண்டாம், அங்கே கேட்பதே அதைத்தான்.

கன்று ஈனுவதிலும் ஒரு சங்கதி உண்டு. பிராமன் பசுவுக்கு வேறு இனக் காளையைப் போட்டால் கன்று சிறிதாகவே பிறக்கும், கருவிலேயே அதன் வளர்ச்சியைத் தாய் அடக்கி வைத்துவிடும். அதையே திருப்பி, ஹியர்ஃபோர்டு மாதிரி பிரிட்டிஷ் இனக் கிடேரிக்குப் பிராமன் காளையை விட்டால் கன்று பெரிதாகி, முதல் ஈத்திலேயே தாயும் கன்றும் போகும் அபாயம் உண்டு. கிடேரிகளுக்கு எந்த இனமானாலும், கன்றின் பிறப்பு எடை குறைவாக இருக்கும் என்று மதிப்பிடப்பட்ட காளையைத்தான் தேடவேண்டும்.

இனத்தை முடிவு செய்தபின் ஏலத்துக்குப் போனால் அங்கே கண்ணை ஏமாற்றுவது கொழுப்பு. நன்றாகத் தின்று பளபளக்கும் காளையைப் பார்த்ததும் கை தூக்கிவிடுகிறோம். நான் பார்ப்பது நடையை, குளம்பை, வயிற்றுக்கு அடியில் தொங்கும் தோலுறையை. அது முழங்காலுக்குக் கீழே ஆடினால் முள்ளிலும் புல்தண்டிலும் கிழிந்து அந்தப் பருவமே வீணாகும், பிராமன் வழிக் காளைகளில் இது சாதாரணம். விதைப்பையின் சுற்றளவு இரண்டு வயதில் 34 சென்டிமீட்டராவது வேண்டும் என்பேன். அது பெரிதாக இருந்தால் அந்தக் காளையின் மகள்களும் சீக்கிரம் பருவத்துக்கு வருவார்கள், பிராமனில் நமக்கு வேண்டியதும் அதுவே. கால்நடை மருத்துவர் விந்தைச் சோதித்த சான்று இல்லாத காளையை, என்ன இனமானாலும், நான் வாங்கச் சொல்லமாட்டேன். பிறகு குணம். நாம் வேலிக்குள் நுழைந்ததும் மிரண்டு மூலைக்கு ஓடுகிற காளையின் கன்றுகளும் அப்படித்தான் ஓடும்.

உண்ணி இல்லாத தெற்கிலிருந்து காளை வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். அது உண்ணி கடித்துப் பரவும் உண்ணிக் காய்ச்சலையே அறியாத மாடு. தடுப்பூசி போட்டு, அது வேலை செய்யப் போதிய அவகாசம் கொடுத்து, வெயில் உச்சத்துக்கு வருமுன் கொண்டுவந்து இந்த ஊர்ப் புல்லுக்குப் பழக்கிய பிறகுதான் பசுக்களோடு விடவேண்டும்.